உஷார்! ஆகாய கங்கையில் இறங்கிவிடலாம், அம்மாவை எப்படி ஏற்றுவீர்கள்?

அடுத்த லீவுக்கு தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லாரையும் ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குப் போகத் திட்டமா? கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் அம்மாவை அங்கே ஆகாய கங்கை அருவிப் படிகளில் இழந்துவிட்டோம் என்றே நான் நினைத்த ஒரு கால் மணி நேரம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

மற்ற மலைகளில் முதலில் ஏற்றம். முடியவில்லை என்றால் பாதியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம், வருகிற வழி இறக்கம்தான். ஆகாய கங்கையில் எல்லாம் தலைகீழ். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால்தான் அருவி. இறங்கும்போது யாருக்கும் பெரிதாக மூச்சு வாங்குவதில்லை. முட்டி மட்டும் முனகும், தொடை லேசாக நடுங்கும், அதை யார் சட்டை செய்கிறார்கள்? ‘என்னால் முடியாது’ என்று உடம்பு சொல்லும் நேரத்தில் ஆள் பள்ளத்தின் அடியில் நிற்பார். படிக்கு அரை அடி என்று குறைவாக வைத்தாலே 500 அடி. பத்தடிக்கு ஒரு மாடி என்றால் 50 மாடி. லிஃப்ட் இல்லாத 50 மாடிக் கட்டடத்தில், குளித்த ஈரத்தோடும் பசியோடும், 67 வயது அம்மாவை ஏற வைப்பீர்களா? நாங்கள் வைத்தோம்.

அன்று நடந்ததை யோசித்துப் பார்த்தால், ஆபத்து காலையிலேயே வேனில் ஏறிவிட்டது. காரவள்ளியிலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருமே என்று அம்மா காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டார். போகிற இடத்தில் கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்று தண்ணீரும் குடிக்கவில்லை. இதை நம் வீட்டுப் பெண்கள் வாய் திறந்து சொல்லவே மாட்டார்கள். கேட்டால், “குடிச்சேன், குடிச்சேன்” என்பார்கள். நாம்தான் பாட்டிலை வாங்கிப் பார்க்க வேண்டும்.

கோயிலிலேயே உட்காருங்கள் என்று தம்பி சொன்னான். “இம்புட்டுத் தூரம் வந்துட்டு, புள்ளைங்க குளிக்கறதப் பாக்காம போறதா?” என்றார். அதற்கு மேல் யாராலும் மறுக்க முடியவில்லை.

திரும்பி ஏறும்போது, பாதி வழிகூட வரவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் சில்லென்ற வேர்வை. கை நடுங்கியது. “அம்மா” என்று கூப்பிட்டால் என்னைப் பார்த்துவிட்டு யாரையோ பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பினார். நாங்கள் விசிறிக்கொண்டும் தண்ணீர் தெளித்துக்கொண்டும் இருந்தோம். மேலிருந்து இறங்கி வந்த ஒரு பெரியம்மாதான், “சக்கரை நோவா? மொதல்ல இனிப்பு குடும்மா!” என்று அதட்டினார். என் மகன் பையில் பாதி குடித்த மாம்பழ ஜூஸ் இருந்தது. அது உள்ளே போய்க் கால் மணி நேரத்தில் அம்மா என் பெயரைச் சொன்னார்.

கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பிடாமல் நடந்தால் ரத்தச் சர்க்கரை இப்படித்தான் திடீரென்று இறங்கும். குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ பெரியவர் பையில் அல்ல, கூட நடப்பவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி மூச்சு அடைத்துவிடும். இன்னொன்று: சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலே வரலாம். வெறும் மூச்சுத் திணறல், வேர்வை, தாங்க முடியாத அசதி. ‘ஏறின களைப்பு’ என்று அதைத் தட்டிவிடாதீர்கள். அங்கேயே உட்கார வையுங்கள், ஒரு படிகூட ஏற விடாதீர்கள். அந்தப் படிகளுக்கு எந்த வண்டியும் வராது, தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். அதன் பிறகும் மலையை விட்டு இறங்கினால்தான் பெரிய மருத்துவமனை.

இவ்வளவும் வெயில் காய்கிற நாளின் கதை. மழை என்றால் பயம் வேறு மாதிரி. அருவியில் விழுவது ஐயாற்றுத் தண்ணீர், மலை மேலே பல ஓடைகளிலிருந்து சேர்ந்து வருவது. மேலே எங்கோ கொட்டுகிற மழை, பாறைகளுக்கு நடுவே நிற்கிற உங்களுக்குத் தெரியாது. தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருக்கும். தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாகிறதா, சருகும் குச்சியும் சேர்ந்து வருகிறதா, இரைச்சல் திடீரென்று கூடுகிறதா, அந்த நொடியே வெளியே வாருங்கள். துண்டு, செருப்பு, செல்போன் எல்லாம் கிடக்கட்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வெள்ளம் பாய்ந்தபோது குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவனைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. வயசுப் பையனுக்கே அந்தக் கதி என்றால், பாசிப் பாறையில் பேத்தியின் கையைப் பிடித்து நிற்கிற பாட்டியால் என்ன செய்ய முடியும்? மற்றவர்கள் ஓடத் தொடங்கும்போது நீங்கள் ஏற்கனவே படியில் இருக்க வேண்டும். வனத்துறை அருவியை மூடியிருக்கிறது என்றால் காவலரிடம் கெஞ்சவே கெஞ்சாதீர்கள்.

யார் இறங்குவது, யார் கோயிலில் இருப்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். படி வாசலில் போய்ப் பேசினால் பாசம்தான் ஜெயிக்கும். பெரியவரைத் தனியாக விட வேண்டாம், ஒருவர் கூடவே இருக்கட்டும், அது தண்டனைபோல் ஆகாமல் முறை வைத்துக்கொள்ளுங்கள். இறங்கித்தான் ஆவேன் என்பவர் முதலில் நூறு படி மட்டும் இறங்கி, திரும்ப ஏறிக் காட்டட்டும். அந்த நூறில் மூச்சு வாங்கினால் அத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

இந்த வருடம் மறுபடி போனோம். அம்மா இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தார். கோயில் நிழலில் என்னோடு உட்கார்ந்து அன்னாசி சாப்பிட்டார். பிள்ளைகள் அருவியை வீடியோ எடுத்து வந்து காட்டியபோது, “சத்தத்தக் கூட்டி வையி” என்றார்.