உழுத கைகளின் முதுமை

அணுசக்தி நகரிலும் செம்பூர், மாட்டுங்கா, தாராவிப் பகுதிகளிலும் வாழும் தமிழர் பலருக்கு, சொந்த ஊரில் சிறிது நிலமும் அதனை இன்றும் காத்துவரும் முதிய பெற்றோரும் உண்டு. அலுவலகப் பணிக்கு ஓய்வு பெறும் நாள் உண்டு. உழவுக்கு அப்படியொரு நாள் இல்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 60 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10.4 கோடி. அவர்களுள் பத்தில் எழுவர் ஊரகங்களில் வாழ்பவர்கள்.

உடல்நலமும் உற்றார் துணையும் போலவே, தம் பெயரில் வரும் வருவாயும் முதியோர் வாழ்வின் தரத்தை அமைக்கிறது. மருந்துக்கும் பேரப்பிள்ளையின் தின்பண்டத்துக்கும் பிறர் கையை எதிர்பாராதிருத்தல் அவர்களுக்குப் பெரும் மதிப்பு.

பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டத்தில், நில உடைமை கொண்ட உழவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.6,000 மூன்று தவணைகளில் கணக்கில் சேர்கிறது. மகன் மத்திய அரசுப் பணியில் இருப்பதால் பெற்றோருக்குத் தகுதியில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். இத்திட்டத்தில் குடும்பம் என்பது கணவன், மனைவி, வயதுவராத பிள்ளைகள் மட்டுமே. ஆகவே, தனியே வாழும் மகனின் பணி பெற்றோருக்குத் தடையன்று. வருமான வரி போன்ற பிற விலக்குகள் மட்டும் பொருந்தும்.

ஆனால் நிலத்தை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், தந்தையின் தகுதி முடிந்துவிடும். அவரது பெயரில் பயிர்க்கடன் பெறும் வழியும் குறுகும். கொடுத்தே தீரவேண்டுமெனில், கொடுப்பவரைப் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவது நன்று. அந்நிபந்தனை மீறப்பட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவின்கீழ் அந்த உரிமை மாற்றத்தைச் செல்லாததாக்கக் கோரலாம்.

வருவாய் உண்டு, எடுக்க இயலவில்லை என்பது மற்றொரு துன்பம். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி பல நேரங்களில் ஏற்பதில்லை. 2023 முதல் கிசான் நிதிக்கான அடையாளச் சரிபார்ப்பை, கைப்பேசிச் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். 70 வயதைக் கடந்தோருக்குப் பணம் பெறுதல், செலுத்துதல் போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே சென்று அளிக்க முயலுமாறு, ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளை அறிவுறுத்தியுள்ளது.

ஊரிலேயே உழவு செய்யும் தம்பி, தங்கையரையும் மறவாதீர்கள். 18 முதல் 40 வயதுக்குட்பட்ட சிறு, குறு உழவர்கள் பிரதமரின் கிசான் மான்தன் திட்டத்தில் வயதுக்கேற்ப மாதம் ரூ.55 முதல் ரூ.200 வரை செலுத்தினால், 60 வயதுக்குப் பின் மாதம் ரூ.3,000 ஓய்வூதியம் பெறுவர்.

அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பெற்றோரின் கணக்குப் புத்தகம், ஆதார் இணைப்பு, நியமனதாரர் பதிவு ஆகியவற்றை அவர்களுடன் அமர்ந்து சரிபாருங்கள். மாதந்தோறும் நீங்கள் அனுப்பும் தொகையும் அவர்கள் பெயரிலுள்ள கணக்கிலேயே சேரட்டும்; எதற்குச் செலவிடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.