தட்டச்சில் ஒரு பாட்டு: நேர் ஒன்று, நிரை இரண்டு

போன வாரம், தட்டச்சு எழுத்துகளாலேயே இசையை எழுதும் ஏபிசி முறையில் மெட்டை எழுதினோம்: சுரத்துக்கு ஓர் எழுத்து, நீட்டத்துக்கு எண், மௌனத்துக்கு இசட். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும். இந்த வாரம் இரண்டாம் சரணம் என்று சொல்லியிருந்தேன். முதல் சரணத்தின் சாகித்தியத்தை மெட்டின் கீழ் எழுதுவதே இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது.

கிறிஸ் வால்ஷா உருவாக்கிய இந்த முறையில் சாகித்தியத்துக்குத் தனி வரி உண்டு. மெட்டு வரியின் கீழே சிறிய டபிள்யூவும் முக்காற்புள்ளியும் இட்டு எழுத வேண்டும். எந்த அசை எந்தச் சுரத்துக்கு நேர் கீழே நிற்கிறது என்று கணினி பார்ப்பதே இல்லை. வரிசையாக எண்ணிப் பொருத்துகிறது. மௌனத்தையும் அனுசுரத்தையும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. தமிழுக்கு இது பெரிய வரம். 'ர' ஒடுக்கம், 'ணை' அகலம். இடைவெளி தட்டி நேராக்கிய வரி, எழுத்துரு மாறியதும் கலைந்துவிடும். எண்ணிக்கை கலையாது.

அப்படியானால் எதை எண்ணுவது? எழுத்தை எண்ணினால் தவறிவிடும். 'கண்ணே' மூன்றெழுத்து, ஆனால் பாடும்போது இரண்டு அசை: கண்-ணே. யாப்பு படித்தவர்களுக்கு இது கைவந்த கலை. நேரசைக்கு ஒரு சுரம், நிரையசைக்கு இரண்டு. 'மலர்' யாப்பில் ஒரே அசை. இங்கே ம-லர் என்று பிரியும். 'மலரே' நிரை நேர், ஆக மூன்று சுரம். சீர் பிரிக்கத் தெரிந்தவர் பாட்டு வரியைப் பார்த்ததுமே குறைந்தது எத்தனை சுரம் தேவை என்று சொல்லிவிடலாம். புலவர் வகுப்பில் கற்ற கணக்கு இசைக் கோப்புக்கு இவ்வளவு நேராக உதவுவது என்னை இந்த வாரம் முழுதும் மகிழ்வித்தது.

கார்வை வந்தால்? 'கண்' இரண்டு சுரம் நீண்டால் இரட்டைச் சிறுகோடு: கண்--ணே. சொல்லின் கடைசி அசை நீண்டால், கூடுதலாக வரும் ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் அடிக்கோடு. 'ண்' முதல் சுரத்தின் கீழேயே அச்சாகிறதே என்று தயங்க வேண்டாம். மேற்கத்திய வழக்கிலும் அசை முழுவதையும் முதல் சுரத்தின் கீழ்தான் அச்சிடுகிறார்கள்; மெய்யைக் கடைசியில் ஒலிப்பது பாடுபவர் பொறுப்பு. கண்-ணே என்பதை க-ண்-ணே என்று உடைப்பதை நான் ஏற்கமாட்டேன். படிப்பவருக்குச் சொல்லே தெரியாமல் போகும்.

ஓர் அசை பல சுரங்களுக்கு நீள்வதை எப்படிக் காட்டுவது என்பதற்கு 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு விடை கண்டவர் ஜான் கர்வென். நார்விச் நகரத்து சாரா குளோவரின் முறையை எடுத்து அவர் வளர்த்த டானிக் சோல்ஃபாவில் சுரங்கள் வெறும் எழுத்துகள். சாதாரண அச்சுக்கூடமே போதும். பல சுரங்கள் ஓர் அசைக்கு வந்தால் அந்தச் சுர எழுத்துகளின் அடியில் கோடு. ஏபிசியில் அந்தப் பொறுப்பு சாகித்திய வரிக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஓர் அடிக்கோட்டை மறந்தாலும் அதற்கப்புறம் வரும் அசையெல்லாம் ஒரு சுரம் முன்னால் நகர்ந்துவிடும். அதனால் மெட்டு வரியைப் பகுதிகளாகப் பிரிக்கும் செங்குத்துக் கோட்டைச் சாகித்திய வரியிலும் போடுங்கள். அசை குறைந்தாலும் கணினி அடுத்த பகுதியின் முதல் சுரத்துக்குத் தாவிவிடும். பிழை அந்தப் பகுதியைத் தாண்டாது.

இரண்டாம் சரணம் அடுத்த வாரம். அதற்குள் உங்களுக்குத் தெரிந்த தாலாட்டு ஒன்றின் முதல் வரியை நேர், நிரை பிரித்து எழுதி வையுங்கள்.