குதிரைக் காலண்டரில் நீலப் புள்ளிகள்

குளுவாங்கில் இருக்கும் குனோங் லம்பாக் பெரிய மலை இல்லை, 510 மீட்டர்தான். பிள்ளைகள்கூட ஏறுவார்கள். போன வருஷம் ஒரு நாள், வேரைப் பிடித்து ஏறுகிற செங்குத்தான இடத்தில் வலது காலைத் தூக்கி வைத்தேன். ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது போல அடிவயிறு சுருட்டிக்கொண்டது. அந்த வேரையே கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். பின்னால் ஏறி வந்த மலாய்க்கார அக்கா ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரே சொல்தான் கேட்டார்: "செங்குகுட்?"

மாதவிலக்கு வலிக்கு மலாயில் அதுதான் பெயர். தலையாட்டினேன். இடுப்புப் பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்துக் கையில் திணித்துவிட்டு மேலே போய்விட்டார். உண்மையில் அன்று எனக்கு மாதவிலக்கு இல்லை. அதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

சிம்பாங் ரெங்கத்தில் ஒரு செம்பனை ஆலையின் நிறுவைக் கூடத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்க லாரி எடையைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிற உடம்பு என்பதால், விடியுமுன் திடலைச் சுற்றி ஓட ஆரம்பித்தேன். முதல் இரண்டு சுற்று ஒழுங்காகப் போகும். மூன்றாவது சுற்றில் வலி வந்துவிடும். வீட்டில் சொன்னால் அம்மாவிடம் பதில் தயாராக இருக்கும்: "நாங்க இதே வலியோட காண்டா தூக்கலையா? வயித்து வலின்னா பால் மரம் காத்துக்கிட்டு நிக்குமா?" அம்மா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் சுமந்தவரிடம் என் ஓட்டப் பயிற்சியைப் பற்றி என்ன வாதாடுவது?

மாமா மகள் ஒருபடி மேலே போனாள். இங்கிலாந்தின் பாலா ராட்கிளிஃப் 2002-இல் சிகாகோ மாரத்தானை 2 மணி 17 நிமிடம் 18 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது, கடைசிப் பகுதியில் மாதவிலக்கு வலியோடுதான் ஓடினாராம். அந்தச் செய்தியை எனக்கு அனுப்பி, "பாரு, அவங்க நின்னாங்களா?" என்று கேட்டிருந்தாள். 2022 பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸில் சீனாவின் செங் சின்வென்னுக்கு நடந்ததை யாரும் எனக்கு அனுப்பவில்லை. அப்போது உலகின் முதல்நிலை வீராங்கனையாக இருந்த ஸ்வியாதெக்கிடம் முதல் செட்டை வென்ற பெண் அவர். மாதவிலக்கின் முதல் நாள் வலி பிடித்துக்கொள்ள, அடுத்த இரண்டு செட்டும் 0-6, 2-6 என்று போயின. ஒருவர் ஓடி முடித்தார், மற்றவரால் முடியவில்லை. இதில் தைரியசாலி யார், கோழை யார் என்று பார்க்கிற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை.

வலி எங்கிருந்து வருகிறது என்பதை கிளினிக் மிஸி ஒருவர்தான் எனக்குப் புரியவைத்தார். மாதவிலக்கு நெருங்கும்போது கருப்பையின் உள்படலத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் ஊறுகிறது. படலத்தை வெளியேற்ற அது கருப்பைத் தசையை இறுக்குகிறது. கூடுதலாக ஊறினால் ரத்தக் குழாய்களும் சுருங்கி, தசைக்கு ரத்தம் போதாமல் வலிக்கிறது. அதே பொருள் குடலையும் கிளப்பிவிடுவதால்தான் சிலருக்கு அந்த நாட்களில் வயிறு இளகிப் போகிறது, வாந்தி வருகிறது. 1930-களில் இதைக் கண்டவர்கள் ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவதாக எண்ணி இந்தப் பெயரை வைத்தார்கள். பெண்ணின் வயிற்றை முறுக்குகிற சரக்குக்கு ஆணின் சுரப்பிப் பெயர்!

ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே தடுக்கின்றன என்று 1971-இல் காட்டியவர் ஜான் வேன். 1982-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். நம்மூர்ப் பெண்கள் கைப்பையில் வைத்திருக்கும் பொன்ஸ்தானும் அந்த வகைதான். நானோ துடித்துப் போன பிறகுதான் அதை விழுங்குவேன். ஊறி முடித்ததை மாத்திரையால் திரும்ப எடுக்க முடியாது. வலி தலைகாட்டியதுமே, சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டுமாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. வெயிலில் வேர்த்து வழிய ஓடுகிற நாளில், போதிய தண்ணீர் குடிக்காமல் இதைப் போடுவதும் சிறுநீரகத்துக்கு நல்லதில்லை.

சரி, ஓடுவதையே விட்டுவிடலாமா? சாதாரண மாதவிலக்கு வலிக்கு உடற்பயிற்சி எதிரி இல்லை. வாரம் மூன்று முறை, 45 முதல் 60 நிமிடம் பயிற்சி செய்தால் வலி நன்றாகவே குறையலாம் என்கிறது 2019-இல் வந்த கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. ஆதாரம் அவ்வளவு வலுவில்லை என்பதையும் அதுவே ஒப்புக்கொள்கிறது. என் அனுபவத்தில் முதல் நாள் நடை, மூன்றாம் நாள் ஓட்டம். சுடுநீர்ப் பையும் பெரிய உதவி.

ஆனால் என் வலி சாதாரண வகை இல்லை. அதைக் காட்டிக்கொடுத்தது எங்கள் வீட்டுக் குதிரைக் காலண்டர்தான். மாதவிலக்கு நாளைச் சிவப்பு மையில் வட்டமிட்டேன், வலித்த நாளுக்கு நீலப் புள்ளி வைத்தேன். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால், நீலப் புள்ளிகளில் பாதி வட்டத்துக்கு வெளியே கிடந்தன. ஓடிய நாளில் புள்ளி, மலம் கழிக்க முக்கினால் புள்ளி. அதற்கு முன் ஒரு தனியார் டாக்டர், "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார். இந்த முறை காலண்டர் தாள்களோடு ஒரு வெள்ளி கொடுத்து அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். தாள்களைப் புரட்டிப் பார்த்த டாக்டர் உடனே ஸ்கேனுக்கு எழுதினார்.

இடது சினைப்பையில் நாலு சென்டிமீட்டர் கட்டி. எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்குள் இருக்க வேண்டிய படலத்தைப் போன்ற திசு வெளியே வளர்ந்து, புண்ணாகி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் நோய். குதித்தாலும் காலைத் தூக்கி வைத்தாலும் அந்த ஒட்டு இழுபட்டு வலிக்கலாம். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு, உலகம் முழுக்க 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இப்போது ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். குதிக்கிற பயிற்சி மட்டும் வேண்டாம் என்றார்கள், மெதுவோட்டம் தொடர்கிறது.

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வெட்டி இழுக்கிற வலி, கூடவே வாந்தியோ மயக்கமோ, அல்லது நாள் தள்ளிப்போயிருக்கும்போது வலி என்றால் காலண்டரைத் தேட வேண்டாம். சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், கரு சினைக்குழாயில் தங்கியிருக்கலாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றபடி மாதா மாதம் வருகிற வலி என்றால், இன்றைக்கே இரண்டு நிறப் பேனா வாங்கிக் காலண்டர் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். டாக்டரிடம் போகும் அன்று தாள்களைக் கிழித்துக் கையோடு எடுத்துப் போங்கள்.