தேர்ச்சியும் கையொப்ப உரிமையும்

கணக்கு என்னும் சொல்லுக்குத் தமிழில் எண் என்பது மட்டும் பொருளன்று. நூல் என்ற பொருளும் உண்டு. பதினெண்கீழ்க்கணக்கு என்று தொகுதிக்குப் பெயரிட்டனர் நம் முன்னோர். நக்கீரனாரை மதுரைக் கணக்காயனார் மகனார் என்று சுட்டுவர். ஆங்கே கணக்காயர் என்பார் ஆசிரியர். ஆதலின் தமிழ்த்துறை மலரில் கணக்கரைப் பற்றிய கட்டுரைக்கு இடமேது என வினவுவார்க்கு அச்சொல்லே விடை கூறும். இன்னுமொன்று: பாண்டியர், சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில் ஊர்க்கணக்கர் தம் பெயரைக் கூறி, இது தம் ‘எழுத்து’ என ஒப்பமிட்டிருத்தலைக் காண்கிறோம். கணக்கை எழுதியவர் இன்னார் என ஊரார் அறிதல் வேண்டும் என்னும் எண்ணம் அன்றே வேரூன்றியிருந்தது.

இக்காலத்தில் அவ்வொப்பத்தை இடுவதற்கு உரியவர் யார், அவ்வுரிமை எந்நாளில் அவர்க்குக் கிட்டுகிறது என்பதையே ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

சோழவந்தானிலும் அதனைச் சூழ்ந்த தென்கரை, முள்ளிப்பள்ளம், மேலக்கால் முதலிய ஊர்களிலும் ‘ஆடிட்டர்’ என்ற சொல் மிகத் தாராளமாகவே வழங்குகிறது. வருமானவரிப் படிவம் நிரப்பித் தருபவரும் ஆடிட்டர், ஜி.எஸ்.டி. கணக்கு முடித்துத் தருபவரும் ஆடிட்டர். கடையில் பேரேடு எழுதுபவரைக்கூட அவ்வாறு அழைப்பாருண்டு. வரி ஆலோசகர் செய்யும் பணி நேர்மையான பணியே. அதற்குச் சட்டத்திலும் இடமுண்டு. எனினும் பட்டயக் கணக்காளர் என்பார் வேறு. பட்டயக் கணக்காளர் தேர்வின் இறுதி நிலையில் தேறிய இளைஞரும் அந்நாளிலேயே பட்டயக் கணக்காளர் ஆகிவிடுவதில்லை. இவ்வுண்மை பலர்க்கு வியப்பளிக்கக் கூடும். முடிவு வெளியான மாலையே பேருந்து நிலையத்தருகே பதாகை எழுந்துவிடுகிறது. பெயருக்குப் பின்னால் ‘சி.ஏ.’ என்ற இரண்டெழுத்தும் ஏறிவிடுகின்றன. சட்டமோ இன்னும் சிறிது காத்திருக்குமாறு கூறுகிறது.

சட்டம் ஏன் அவ்வாறு கூறுகிறது என்பதை அறிய, நம் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் வரலாறு துணை செய்யும்.

சிவபோகம் அம்மையாரின் வழக்கு

ஆர். சிவபோகம் அம்மையார் 1907ஆம் ஆண்டு பிறந்தவர். சென்னை இராணி மேரிக் கல்லூரியில் பயின்றவர். சகோதரி சுப்பலட்சுமி அம்மையாரின் மாணவி. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு, அந்நியப் பொருள் மறியலை நடத்தியமைக்காக ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கணக்கியல் பயில வேண்டும் என்ற முடிவு சிறையிலிருந்தபோதே அவர் உள்ளத்தில் உருவாயிற்று. வெளிவந்ததும் கணக்கியல் பட்டயப் படிப்பில் சேர்ந்து 1933இல் தேர்ச்சி பெற்றார். சி.எஸ். சாஸ்திரி என்னும் தணிக்கையாளரிடம் பயிற்சியும் முடித்தார். அறிவுக்குக் குறைவில்லை, பயிற்சிக்கும் குறைவில்லை. ஆயினும் சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவு பெற இயலாது என்ற அன்றைய விதி குறுக்கே நின்றது.

அக்காலத்து ஏற்பாட்டை ஒருவாறு கூறிவிடுதல் நலம். நிறுவனங்களின் கணக்கைத் தணிக்கை செய்வோர்க்குத் தகுதி வேண்டும் என்பதை 1913ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் வகுத்தது. பின்னர் 1932இல் வந்த தணிக்கையாளர் சான்றிதழ் விதிகளின்படி, அரசே கணக்காளர் பதிவேட்டைப் பேணியது. அதில் பெயர் ஏறியவரே பதிவு பெற்ற கணக்காளர். பதிவேடு அரசின் கையிலிருந்தமையால், எவரைச் சேர்ப்பது எவரை விலக்குவது என்பதும் அரசின் கையிலேயே இருந்தது. அந்நிய அரசை எதிர்த்த ஒருவரை விலக்கிவைக்க அது நல்லதொரு கருவியாயிற்று.

அம்மையார் வாளாவிருக்கவில்லை. வழக்குத் தொடுத்தார், வென்றார், 1937இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். தேர்ச்சிக்கும் தொழிலுக்கும் இடையே நான்காண்டுகள். இந்தியாவின் முதல் பெண் பட்டயக் கணக்காளர் என்று அவரைப் போற்றுவர், அது தகும். ஆனால், பெண் என்பதற்காக மட்டும் அவரை நினைவுகூர்வது அவர்க்குச் செய்யும் குறையான மரியாதை எனக் கருதுகிறோம். கற்றவர்க்கு உரிமை உண்டு, அவ்வுரிமையை மறுப்பதாயின் தக்க காரணம் வேண்டும் என்பதை அவர் நிலைநாட்டினார். விலக்கி வைக்கப்பெற்ற அவரே 1955 முதல் 1958 வரை பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவிற்குத் தலைமை தாங்கினார். அவர் 1966இல் மறைந்தார்.

1949ஆம் ஆண்டுச் சட்டம்

நாடு விடுதலை பெற்றபின் பட்டயக் கணக்காளர் சட்டம் இயற்றப்பெற்று, 1949 ஜூலை 1ஆம் நாள் இந்தியப் பட்டயக் கணக்காளர்கள் நிறுவனம் தோன்றியது. பதிவேடு அரசிடமிருந்து அந்நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. இன்று சோழவந்தான் மாணவர் ஒருவர் செல்லவேண்டிய வழி இச்சட்டம் வகுத்த வழியே.

தேர்வுகள் மூன்று நிலை: ஃபவுண்டேஷன், இண்டர்மீடியட், ஃபைனல். இடையில் தொழில்புரியும் பட்டயக் கணக்காளர் ஒருவரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் பயிற்சி. முன்னர் மூன்றாண்டுகளாக இருந்த இப்பயிற்சி, 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் இரண்டாண்டுகளாகக் குறைந்தது. இவற்றோடு நிறுவனம் வகுத்துள்ள கணினி, மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளையும் முடித்தல் வேண்டும். இத்தனையும் முடித்தவர், உறுப்பினர் பதிவேட்டில் தம் பெயரைச் சேர்க்குமாறு விண்ணப்பிக்கும் தகுதியையே பெறுகிறார். விண்ணப்பம் ஏற்கப்பெற்று, உறுப்பினர் எண் வழங்கப்பெற்ற பின்னரே அவர் ‘பட்டயக் கணக்காளர்’ என்று தம்மைக் கூறிக்கொள்ளலாம். உறுப்பினர் அல்லாத ஒருவர் அவ்வாறு கூறிக்கொள்வது தண்டனைக்குரிய குற்றம்.

விண்ணப்பிப்பவர் 21 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். பத்தொன்பது வயதிலேயே இறுதித் தேர்வில் தேறிவிடும் நுண்ணறிவினர் இந்நாளில் உளர். அவர்களும் வயது நிரம்பும் வரை காத்திருப்பதே விதி. கடன் தீர்க்க வகையற்றவர் என நீதிமன்றத்தால் அறிவிக்கப்பெற்று, அதிலிருந்து விடுவிக்கப்பெறாதவர் பெயர் பதிவேட்டில் ஏறாது. சிறைத்தண்டனை பற்றிய விதியை மட்டும் சற்று நின்று நோக்கவேண்டும். ஒழுக்கக்கேடு சார்ந்ததும் சிறைத்தண்டனைக்குரியதுமான குற்றம் செய்தவர், தம் தொழிலிலேயே தவறிழைத்துத் தண்டிக்கப்பெற்றவர் ஆகியோரையே இச்சட்டம் விலக்குகிறது. அவர்க்கும் மன்னிப்பு வழங்கப்பெற்றிருந்தாலோ, நடுவண் அரசு எழுத்து மூலம் தடையை நீக்கினாலோ வழி திறக்கிறது. சிறை சென்றார் என்பதொன்றே போதும் என்றிருந்த பழைய நிலைக்கும் இதற்கும் உள்ள தொலைவு, சிவபோகம் அம்மையார் நடந்து கடந்த தொலைவே.

உறுப்பினர் ஆனதோடும் முடிவதில்லை. நிறுவனம் ஒன்றில் ஊதியம் பெற்றுப் பணியாற்ற உறுப்பினர் உரிமையே போதுமானது. தாமே அலுவலகம் திறந்து தணிக்கை செய்து ஒப்பமிட வேண்டுமாயின், தொழில் புரிவதற்கான சான்றிதழ் தனியே பெறவேண்டும். இதனை உறுப்பினர் விண்ணப்பத்துடனேயே கோரலாம். ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி இரண்டையும் காத்துவரவேண்டும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், செல்லத்தக்க தொழிற்சான்றிதழ் உடையவரையே பட்டயக் கணக்காளர் எனக் கொள்கிறது. ஆதலின் அஃதில்லாத உறுப்பினர், எத்துணைப் புலமையுடையவராயினும், கம்பெனித் தணிக்கை அறிக்கையில் ஒப்பமிட இயலாது.

சான்றிதழ் உரிமையோடு கட்டுப்பாட்டையும் சேர்த்தே தருகிறது. வாடிக்கையாளரை விளம்பரத்தால் ஈர்த்தல் கூடாது. மேற்கூறிய பதாகைப் பழக்கத்தை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம். நிறுவனம் ஈட்டும் இலாபத்தில் இத்தனை விழுக்காடு எனத் தணிக்கைக் கட்டணம் பேசுதல் கூடாது. தாமோ தம் கூட்டாளியோ அலுவலகத்தாரோ ஆராயாத கணக்கிற்குச் சான்றளித்தல் கூடாது. வேறொருவர் தணிக்கை செய்துவந்த நிறுவனத்தை ஏற்குமுன் அவர்க்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். இவ்விதி எமக்கு மிகவும் உகந்தது. முன்னவர் ஏன் விலகினார், அன்றி ஏன் விலக்கப்பெற்றார் என்பதைப் பின்னவர் கேட்டறிய இது வாயிலாகிறது. கணக்கில் குற்றம் கண்டவரை மாற்றிவிட்டுக் கண்மூடி ஒப்பமிடுவாரைத் தேடும் வழியும் ஓரளவு அடைபடுகிறது.

ஊரார்க்கு இதனால் ஆவதென்ன? ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிட்டியது. கொடிக்கால் விவசாயிகள் ஒன்றுசேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்வதாகக் கொள்வோம். அது கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருவது. விற்பனை சிறிதாயினும் பெரிதாயினும், பதிவான 30 நாள்களுக்குள் இயக்குநர் குழு முதல் தணிக்கையாளரை நியமித்தல் வேண்டும். வைகைக் கரையில் கவுளி கவுளியாக அடுக்கி விற்றவர்கள் அன்று வரை வாய்ச்சொல்லை நம்பியிருப்பார்கள். இனி வங்கியும் பங்குதாரரும் நம்புவது அறிக்கையின் அடியிலுள்ள ஒப்பத்தையே. அவ்வொப்பத்திற்கு உரியவரல்லாத ‘ஆடிட்டர்’ ஒருவரிடம் இப்பணியை ஒப்படைத்தால், அவ்வறிக்கை சட்டத்தின் முன் தணிக்கை அறிக்கையே ஆகாது. அறியாமையால் நேரும் இவ்விழப்பு, பல குடும்பங்களின் உழைப்பைத் தொடும்.

இதனைச் சரிபார்க்க இப்பொழுது எளிய வழியுண்டு. 2019 முதல், பட்டயக் கணக்காளர் ஒப்பமிடும் சான்றிதழ், தணிக்கை அறிக்கை ஆகியவற்றில் யூ.டி.ஐ.என். எனப்படும் 18 இடங்கள் கொண்ட அடையாள எண் இடம்பெறவேண்டும் என்பது படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. அதன் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு. அடுத்த ஆறு, ஒப்பமிட்டவரின் உறுப்பினர் எண். நிறுவனத்தின் இணையதளத்தில் இவ்வெண்ணை எவரும் இட்டுப் பார்க்கலாம். தொழிற்சான்றிதழ் இல்லாதவர் அதனை உருவாக்க இயலாது. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அறிக்கை கைக்கு வரும்பொழுது, நம் பெரியோர்கள் இலாபத் தொகையைப் பார்க்குமுன் ஒப்பத்தின் கீழே அந்த 18 இடங்களும் உள்ளனவா என்று பார்ப்பார்களாக.