தார் பூச நல்ல நேரம்

புது வீட்டில் பால் காய்ச்சப் பஞ்சாங்கம் பார்க்கும் நாம், குடியிருக்கும் சொசைட்டியின் தார்ப்பாதைக்கு நேரம் பார்ப்பதில்லை. மும்பையில் நான் கமிட்டியில் இருந்த ஓர் ஆண்டு, மே மாதக் கடைசி வாரத்தில் பாதைக்கு 'சீல் கோட்' போட ஆரம்பித்தோம். விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்களின் கார்கள் நின்ற இடத்திலேயே நின்றன. சாவிகள் திருநெல்வேலியிலும் கும்பகோணத்திலும் இருந்தன. ஆட்கள் கார்களைச் சுற்றிப் பூசிவிட்டுப் போனார்கள். நான்காம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஜூலைக்குள் பூச்சு சல்லியோடு பெயர்ந்து சாக்கடைக்குப் போயிற்று, அங்கத்தினர் கொடுத்த பணமும்தான்.

நாம் தார் என்று சொல்வது, பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பிட்டுமென். வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு அது இறுகிப்போகிறது. கறுப்பு மங்கிச் சாம்பல் நிறமாகிறது. சல்லிகளுக்கு இடையே நுண்ணிய துளைகள் விழுகின்றன. அதன் வழியே நீர் இறங்கினால் அடித்தளம் இளகிக் குழி விழும். சூடான பிட்டுமெனைத் தெளித்து, பொடிச்சல்லி தூவி, ரோலரால் அழுத்தி இத்துளைகளை மூடுவதுதான் சீல் கோட். காய்ந்த பாதையில் ஒரு குவளை நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் ஓடாமல் உள்ளே இழுத்துக்கொண்டால் வேலைக்கு நேரம் வந்துவிட்டது என்று பொருள். ஆனால் இப்பூச்சு குழியை நிரப்பாது, நீர் தேங்கும் பள்ளத்தையும் சரிசெய்யாது. அவற்றை முதலில் முடிக்க வேண்டும். காரிலிருந்து எண்ணெய் சொட்டிய இடங்களையும் சுத்தம் செய்ய வேண்டும். எண்ணெய் பிட்டுமெனைக் கரைக்கும்.

மத்திய அரசின் சாலை விதிகளின்படி, தரையில் நீர் நின்றாலோ, மழையோ மூடுபனியோ இருந்தாலோ, வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனாலோ தார் வேலை செய்யக்கூடாது. டில்லி அன்பர்கள் ஜனவரியை ஒதுக்கிவிட வேண்டியதுதான். மும்பையில் குளிர் ஒரு பொருட்டல்ல, மழைதான் எல்லாம். இங்கே தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 11. விலகுவது அக்டோபர் 8 வாக்கில். நம்மவர் மனத்தில் இருப்பதோ சென்னைக் கணக்கு. அங்கே தீபாவளி என்றால் மழை. பொங்கல் கழிந்தே தரை காயும். இங்கே தீபாவளிக்குள் வானம் வெளுத்துவிடும். ஆனால் மேலே காய்ந்த பாதைக்கு அடியில் ஈரம் இன்னும் சில வாரம் நிற்கும். ஆகவே நவம்பர் பின்பாதி முதல் பிப்ரவரி வரை செய்வதே உத்தமம். மார்ச், ஏப்ரலிலும் செய்யலாம். மே மாதம் சூதாட்டம்.

அப்படியும் எல்லா சொசைட்டிகளும் மே மாதத்தில் ஏன் போய் விழுகின்றன? காரணம் வானத்தில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் கூட்டுறவு சொசைட்டியின் ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பர் 30-க்குள் நடக்க வேண்டும். அதில் இந்தச் செலவுக்கு அனுமதி வாங்கினால் அக்டோபரில் கொட்டேஷன், டிசம்பரில் வேலை என்று சுலபமாக நடக்கும். அதை விட்டால் சிறப்புக் கூட்டம், கோரம் இல்லை, மறுபடி கூட்டம் என்று மாதங்கள் ஓடிவிடும். அந்தக் கூட்டங்களில் நம்மவர் பின்வரிசையில் மௌனமாக உட்கார்ந்திருப்பது வேறு கதை.

ஆகஸ்டில் ஒருநாள் நல்ல மழையில் குடையோடு வளாகத்தைச் சுற்றி வாருங்கள். எங்கே நீர் தேங்குகிறது, எங்கே வெடிப்பில் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அந்தக் காகிதத்தைப் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். காண்டிராக்டரிடம் பேசும்போதும் அது கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் காய்ந்த தரையைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்பார். பூசிய பிறகு ஒரு நாளாவது வண்டிகளை வெளியே நிறுத்த வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் கார் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகவும்.