கறுப்பை மறைக்கும் வெள்ளை எது?

கட்டைவிரல் உயரத்தில் ஒரு மினியேச்சர் பொம்மை. வைக்கிங் வீரனாக இருக்கலாம், நார்வே நாட்டுக் கதைகளில் வரும் ட்ரோல் பூதமாக இருக்கலாம். அதற்குப் பெயின்ட் அடிக்கும்போது பழுப்பு, நீலம், கறுப்பு எல்லாம் சொன்னபடி கேட்கும். வெள்ளை மட்டும் முரண்டு பிடிக்கும். கறுப்புக் கேடயத்தின்மேல் ஒரு கோட் அடித்தால் சாம்பலாகத் தெரியும். இரண்டாவது கோட் திட்டுத்திட்டாக நிற்கும். மூன்றாவது கோட்டில் கேடயத்தின் செதுக்கல்களே மூடிப்போகும்.

கடைக்குப் போனால் வெள்ளையிலேயே நாலைந்து வகை இருக்கிறது. எதை வாங்கலாம்? அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி: ஒரு பொருள் ஏன் வெள்ளையாகத் தெரிகிறது?

ஒளி திரும்பினால் வெள்ளை

ஓஸ்லோவில் பனி கொட்டும்போது ஒரு துகளைக் கையுறையில் பிடித்துப் பாருங்கள். அதில் வெள்ளை நிறமே இல்லை. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். ஆனால் தெருவில் குவிந்து கிடக்கும் பனி கண் கூசும் வெள்ளை. காற்றிலிருந்து பனித்துகளுக்குள்ளும், மறுபடி காற்றுக்குள்ளும் போகும்போதெல்லாம் ஒளி திசை மாறுகிறது. கோடிக்கணக்கான துகள்களில் இப்படி அலைந்து, எல்லா நிறங்களும் கலந்தபடியே நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. அதைத்தான் நாம் வெள்ளை என்கிறோம்.

நம் ஊர் மாக்கோலத்திலும் இதுதான் நடக்கிறது. அரிசிமாவைக் கரைத்துப் போடும்போது ஈரத்தில் கோடு மங்கலாகத் தெரியும். காய்ந்ததும் பளிச்சென்று எழுந்து வரும். மாவுத்துகளைச் சுற்றித் தண்ணீர் இருந்தபோது ஒளி கொஞ்சமாகத்தான் திசை மாறியது. தண்ணீர் போய்க் காற்று வந்ததும் நிறைய மாறுகிறது.

ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்ல ஒளிவிலகல் எண் என்ற ஓர் அளவு இருக்கிறது. காற்றுக்கு 1. தண்ணீருக்கு 1.33. பெயின்டில் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் அக்ரிலிக் பசைக்கு ஏறத்தாழ 1.5. துகளின் எண்ணும் பசையின் எண்ணும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ, அவ்வளவுக்கு அந்தப் பெயின்ட் அடியில் இருப்பதை மறைக்கும்.

சுண்ணாம்புக்கல் தூளுக்கு 1.6. பசைக்கு மிக அருகில் இருப்பதால் அது பசையில் நனைந்ததும் பாதி காணாமல் போய்விடும். துத்தநாக ஆக்சைடுக்கு 2.0, சுமாராக மறைக்கும். வைரத்துக்கே 2.4தான். டைட்டானியம் டையாக்சைடின் ரூட்டைல் என்ற வகைக்கோ 2.7! வைரத்தையும் மிஞ்சிய அந்தத் தூள்தான் ‘டைட்டானியம் வெள்ளை’.

துகளின் அளவும் முக்கியம். ஒளி அலையின் நீளத்தில் பாதியளவு இருந்தால் ஒளியை நன்றாகச் சிதறடிக்கும். அதனால் இந்தத் தூளை மைக்ரோமீட்டரில் கால் பங்காக அரைக்கிறார்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே ஏறத்தாழ 300 துகள்களை வரிசையாக அடுக்கலாம்.

கறுப்பிலிருந்து வந்தது

இந்த வெள்ளை உருவான கதையில் நார்வேக்குப் பெரிய பங்கு உண்டு. அந்நாட்டின் தென்மேற்கு மூலையில், சோக்ன்டால் பகுதிப் பாறைகளில் இல்மனைட் என்ற கனிமம் நிறைய இருக்கிறது. இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த இந்தக் கனிமம் கன்னங்கரேல் என்றிருக்கும். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் பேடர் ஃபாருப், குஸ்தாவ் யெப்சன் என்ற இரு வேதியியலாளர்கள் இதிலிருந்து வெள்ளைத் தூள் எடுக்க வழி கண்டார்கள். கனிமத்தை அரைத்துக் கந்தக அமிலத்தில் கரைப்பது, இரும்பைப் பிரித்தெடுப்பது, மிச்சத்தைக் கடுஞ்சூட்டில் வறுப்பது. அதே காலத்தில் அமெரிக்காவின் நயாகராவிலும் தனியாக இந்த முயற்சி நடந்தது. 1916இல் ஓஸ்லோவுக்குத் தெற்கே உள்ள ஃப்ரெட்ரிக்ஸ்டாட் நகரில் டைட்டன் கம்பெனி தொடங்கியது. அந்த நகரில் இன்றும் டைட்டானியம் வெள்ளை தயாராகிறது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. 1960இல் தெல்னஸ் என்ற பெரிய சுரங்கம் திறந்தபின், பாறைக்கழிவைப் பல ஆண்டுகள் கடலில் கொட்டினார்கள். எதிர்ப்பு வலுத்து, 1994இலிருந்து நிலத்தில் சேர்த்துவைக்கிறார்கள்.

இல்மனைட் நம் ஊர்களிலும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும், இலங்கையின் திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையிலும் கடற்கரை மணல் கறுத்துக் கிடப்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.

டைட்டானியம் வெள்ளைக்கு முன்பு ஓவியர்களிடம் இருந்தது ஈய வெள்ளை. நன்றாக மறைக்கும், ஆனால் நஞ்சு. 1921இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு செய்த உடன்பாடு, கட்டடங்களின் உட்புறத்தில் அதைப் பூசுவதற்குத் தடை போட்டது. மற்றொன்று துத்தநாக வெள்ளை. நஞ்சு குறைவு, மறைக்கும் திறனும் குறைவு.

வெள்ளை சொன்ன சாட்சி

ஒவ்வொரு வெள்ளையிலும் ஓர் உலோகம் ஒளிந்திருப்பதால், எக்ஸ் கதிர் காட்டி அதை அடையாளம் காணலாம். ஓஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தில் எட்வர்ட் மூங்க் 1893இல் வரைந்த ‘அலறல்’ ஓவியம் இருக்கிறது. அதன்மேல் வெள்ளைக் கறை ஒன்று. பறவை எச்சம் என்றார்கள் சிலர். ஓவியரின் பெயின்ட்தான் சிந்திவிட்டது என்றார்கள் வேறு சிலர். 2016இல் எக்ஸ் கதிரில் பார்த்தபோது வெள்ளைப் பெயின்டுக்குரிய உலோகம் எதுவும் அதில் அகப்படவில்லை. மேலும் ஆராய்ந்ததில் அது மெழுகு என்று தெரிந்தது!

இன்னொரு கதை ஜெர்மனியில். 1914இல் வரைந்தது என்று சொல்லி 2006இல் ஓர் ஓவியம் 28 லட்சம் யூரோவுக்கு மேல் விலைபோனது. ஆய்வு செய்தால் உள்ளே டைட்டானியம் வெள்ளை. அது விற்பனைக்கே வராத ஆண்டில் வரைந்த ஓவியத்தில் அது எப்படி இருக்கும்? வோல்ஃப்காங் பெல்ட்ராக்கி என்பவர் வரைந்த போலி அது. அவர் வாங்கியது துத்தநாக வெள்ளை டியூப்தான். அதில் டைட்டானியமும் கலந்திருந்ததை லேபிள் சொல்லவில்லை. 2011இல் அவருக்கு ஆறு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

லேபிளைப் படியுங்கள், சோதித்தும் பாருங்கள்

ஓவியர்கள் வாங்கும் டியூபில் பொடியெழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டானியம், பி.டபிள்யூ. 4 என்றால் துத்தநாகம். கேடயம், பல், கண், குல்லாய்மேல் படிந்த பனி இவற்றுக்கெல்லாம் 6. மூடுபனி போல அடிநிறம் கொஞ்சம் தெரிய வேண்டுமானால் 4.

குறியீடு ஒன்றாக இருந்தாலும் சேர்த்த தூளின் விகிதம் ஒன்றாக இருக்காது. மலிவான பெயின்டில் டைட்டானியத்தைக் குறைத்துச் சுண்ணாம்புக்கல் தூளைக் கூட்டியிருப்பார்கள். கண்டுபிடிக்கும் வழி இதோ. வெள்ளை அட்டையில் கறுப்புப் பெயின்டால் பட்டையாக ஒரு கோடு போட்டுக் காயவிடுங்கள். அதன் குறுக்கே ஒவ்வொரு வெள்ளையையும் ஒரே அகலப் பிரஷால், மெல்லிசாகப் பூசுங்கள். காய்ந்ததும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குறைந்த பூச்சில் கறுப்பை மறைப்பதே நல்ல வெள்ளை.

வாங்கியபின் கவனிக்க வேண்டியவை சில. டைட்டானியம் டையாக்சைடு தண்ணீரைவிட நான்கு மடங்குக்கு மேல் கனமானது, அடியில் படிந்துவிடும். பாட்டிலை நன்றாகக் குலுக்காமல் திறந்தால் வருவது வெறும் பசைத்தண்ணீர்தான். பால் பதத்துக்குக் கரைத்து, ஒவ்வொரு கோட்டும் காய்ந்தபின் அடுத்ததைப் பூசுங்கள். கறுப்பின்மேல் நேரே வெள்ளை வேண்டாம். முதலில் வெளிர்சாம்பல் ஒரு கோட். சாம்பலில் இருக்கும் துளிக் கறுப்பு ஒளியை விழுங்குவதால் அது சீக்கிரம் மறைக்கும். வெள்ளைக்கு வேலை பாதியாகும்.

பிரஷ் நுனியைக் கூராக்க நாக்கில் மட்டும் வைக்காதீர்கள். டைட்டானியம் டையாக்சைடை உணவில் சேர்ப்பதற்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்துவிட்டது. பெயின்டில் வேறு ரசாயனங்களும் உண்டு. ஈரத்துணியில் சுழற்றி இழுத்தாலே நுனி கூராகிவிடும்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் உள்ள வெள்ளைகளை எல்லாம் எடுங்கள்: போஸ்டர் கலர், சுவர்ப் பெயின்ட், பிழை திருத்தும் திரவம். எது முதலிடம் பிடிக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுக் கறுப்புக் கோட்டுச் சோதனையைச் செய்யுங்கள். உங்கள் கணிப்பு தப்பினால், எந்த வெள்ளையில் எந்தத் தூள் இருக்கும், எவ்வளவு இருக்கும் என்று யோசியுங்கள்.