கைலிக்குப் பெயர் தந்த கடற்கரை



விடுமுறை என்றதும் ஊட்டியும் கொடைக்கானலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. செலவை எண்ணியதும் பயணம் கனவாகவே நின்றுவிடுகிறது. ஆனால் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் பொன்னேரி, திருவள்ளூர் வட்டாரத்திலும் வாழும் குடும்பங்கள் ஒரே நாளில் சென்று திரும்பத்தக்க ஓர் ஊர் அருகிலேயே உள்ளது. அதுவே பழவேற்காடு. ஏரியும் வங்கக் கடலும் சந்திக்கும் இடத்தில் அமைந்த பழம்பெரும் துறைமுகம் அது.

நம் இல்லத்து ஆடவர் உடுத்தும் கட்டமிட்ட கைலியை மலேசியாவில் ‘காயின் பெலிக்காட்’ என்பர். பழவேற்காட்டை ஐரோப்பியர் ‘புலிக்காட்’ என்று அழைத்தனர். இத்துறையிலிருந்து கப்பலேறிய துணியே அந்தப் பெயரைக் கீழைக்கடல் நாடுகளில் நிலைநாட்டியது. இச்செய்தியைப் பிள்ளைகளிடம் கூறுங்கள். அன்றாடம் காணும் துணிக்கும் ஒரு வரலாறு உண்டென அறிவார்கள்.

கோட்டையும் கல்லறைகளும்

1613இல் டச்சுக்காரர்கள் இங்கு கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாற்றும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுவே. இன்று கோட்டை சிதைந்து புதர் மண்டிக் கிடக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டமோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் வாயிலில் செதுக்கப்பட்ட எலும்புக்கூட்டு உருவங்கள், செல்வமும் அதிகாரமும் எங்கே முடிகின்றன என்பதை உரைக்கின்றன.

இத்துறையிலிருந்து துணி மட்டும் போகவில்லை. 17ஆம் நூற்றாண்டில், பஞ்சத்தால் நொந்த ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றிச் செல்லப்பட்டனர். அழகிய கல்லெழுத்துகளின் கீழ் வணிகர்கள் உறங்குகிறார்கள். விற்கப்பட்டவர்களுக்கோ ஒரு கல்லும் இல்லை. கோட்டை மேட்டில் நிற்கும்போது அவர்களையும் நினைவுகூருங்கள்.

ஊரும் உழைப்பும்

நெடுங்காலமாகத் தமிழ் முஸ்லிம்கள் வாழ்ந்துவரும் ஊர் இது. தம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து மரக்கலத்தில் வந்தவர்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் கூறுவதுண்டு. தொழுகை நேரத்தைக் கணிக்கப் பயன்பட்ட நிழற்கடிகாரம் ஒன்றும் இங்குள்ள பள்ளிவாசலில் உண்டு. இவ்வூர் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைவதில் கைதேர்ந்தவர்கள். பிளாஸ்டிக் பொம்மைக்குச் செலவிடும் பணத்தில் ஓர் ஓலைப்பெட்டி வாங்கினால், உழைக்கும் ஒரு சகோதரியின் இல்லத்திற்கு அது உதவும்.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுவே. பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காண ஏற்ற காலம். இறாலும் நண்டும் மீனும் இங்குள்ள மீனவர் குடும்பங்களின் வாழ்வாதாரம். ஆகவே உணவுப் பொட்டலங்களையும் நெகிழிப் பைகளையும் நீரில் எறியாதீர்கள்.

மறவாதீர்கள்

2011 டிசம்பர் 25 அன்று, உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகு இங்கு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். மகிழ்ச்சி நாடிச் சென்ற பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். அமைதியாகத் தோன்றும் முகத்துவாரத்தில் நீரோட்டம் வலிமையானது. அனுமதியில்லாத படகிலோ, உயிர்காப்பு உடையின்றியோ, அளவுக்கு மிஞ்சிய கூட்டத்துடனோ ஏறாதீர்கள். பிள்ளைகள் அடம்பிடித்தாலும் இணங்காதீர்கள். கரையில் நின்றே காண வேண்டியவை ஏராளம்.

சென்னை–கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் சுமார் 20 கி.மீ. செல்ல வேண்டும். காலையில் புறப்பட்டால் பொழுது சாயுமுன் இல்லம் திரும்பலாம். தண்ணீரும் குடையும் உடன் கொண்டு செல்லுங்கள். நம் அண்டையிலேயே இருக்கும் இந்த வரலாற்றை நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கும் முன்னரே கண்ணால் காணட்டும்!